சாலைத் திட்டங்களை முப்பரிமாணத்தில் காட்டும்போது செய்யக்கூடாத தவறுகள்

மேம்பாலமோ மெட்ரோ பாதையோ வரப்போகிறது என்றால், பொறியாளர் வரைந்த தளப்படத்தை நீட்டி "பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அமெரிக்காவில் 2005-இல் வந்த போக்குவரத்துச் சட்டமே, பெருநகரத் திட்ட அமைப்புகள் தங்கள் திட்டங்களைக் கூடியவரை காட்சிகளாக்கி மக்களுக்கு விளக்க வேண்டும் என்று சொன்னது. சரி, நல்ல ஏற்பாடுதான். ஆனால் விளக்குவதற்காகத் தொடங்கும் படம் பாதி வழியில் விளம்பரமாக மாறிவிடுவது இந்தத் துறையில் வெகு சாதாரணம். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. மென்பொருளைத் திறந்ததும் கிடைக்கும் வானமும் வெயிலும் கேமரா கோணமுமே நம்மை அந்தப் பக்கம் இழுத்துவிடும்.

முதல் தவறு கேமராவை வைக்கும் உயரம். நூறு மீட்டர் மேலேயிருந்து பார்த்தால் எந்த மேம்பாலமும் வளைந்து போகும் ஓர் அழகான நாடாதான். அந்த உயரத்தில் யாரும் குடியிருக்கவில்லை. தெருவில் நிற்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டரில் இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 1.2 மீட்டர். அங்கிருந்து பார்த்தால்தான் தூணும், பாலத்தின் அடிப்பக்கமும், கடக்க வேண்டிய சாலையின் அகலமும் தெரியும். ஓரத்து வீட்டின் இரண்டாவது மாடி சன்னலிலிருந்து ஒரு காட்சியும் கட்டாயம் வேண்டும். மக்கள் அதிகம் கேட்பதும், திட்டக்காரர்கள் அதிகம் தவிர்ப்பதும் அதைத்தான். பறவைப் பார்வையை ஒரேயடியாக விட்டுவிட வேண்டியதில்லை. எது எங்கே இருக்கிறது என்று புரிவதற்குத் தொடக்கத்தில் சில நொடிகள் காட்டினால் போதும்.

உயரத்தைச் சரிசெய்த பிறகும் லென்ஸ் ஏமாற்றலாம். 35 மி.மீ. ஃபிலிம் அளவுக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 40 டிகிரியைப் பிடிக்கும், 24 மி.மீ. லென்ஸ் 74 டிகிரியைப் பிடிக்கும். அகலக் கோணத்தில் குறுகிய தெரு விசாலமாகத் தோன்றும், தள்ளி நிற்கும் இரைச்சல் தடுப்புச் சுவர் இன்னும் சிறுத்துப் போகும். பிரிட்டனின் நிலத்தோற்றக் கலைஞர்கள் நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டி 50 மி.மீ. லென்ஸை அடிப்படையாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. அகலக் கோணம் தேவைப்படும் இடமும் இருக்கும். அப்போது படத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும், கேமரா நின்ற இடத்தையும் ஒரு சிறு வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும்.

அனிமேஷனின் வேகத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இரண்டு கிலோமீட்டர் சாலையை 20 நொடியில் கடந்தால் அது மணிக்கு 360 கிலோமீட்டர்! அந்த வேகத்தில் பேருந்து நிறுத்தம் எங்கே போனது, எந்தச் சந்திப்பை மூடியிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்? முழுப் பாதையையும் ஒரே மூச்சில் காட்டுவதைவிட, சிக்கலான நான்கைந்து இடங்களில் நின்று நிதானமாகக் காட்டுவது மேல்.

வெயிலும் மரமும் தனிக் கதை. உச்சிவெயிலில் பாலத்தின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். சூரியன் 30 டிகிரி உயரத்தில் இருக்கும்போது 10 மீட்டர் உயரப் பாலத்தின் நிழல் 17 மீட்டருக்கு நீளும், எதிர்வீட்டு முற்றம் வரை போகலாம். அந்த இடத்தில் சூரியன் மிகத் தாழ்வாகப் போகும் பருவத்துக் காலை ஒன்றையும் சேர்த்துக் காட்டினால்தான் கணக்கு நேராகும். மரங்கள் விஷயத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. நட்டு வைக்கப்போவது மரக்கன்று, படத்தில் நிற்பதோ கிளை பரப்பிய முழு மரம். திறப்பு நாளுக்கு ஒரு படம், பதினைந்து ஆண்டு கழித்து ஒரு படம் என்று இரண்டாகக் கொடுங்கள்.

அப்புறம், அந்தக் காலிச் சாலை. நெரிசலைக் குறைக்கத்தான் திட்டமே, ஆனால் படத்தில் ஐந்து கார்களும் ஒரு சைக்கிளும்தான் போகும். விஸ்ஸிம் போன்ற போக்குவரத்து மென்பொருளில் உச்ச நேரக் கணக்கு ஏற்கெனவே போட்டிருந்தால், அதன் வாகனங்களையே காட்சிக்குள் கொண்டுவரலாம். இல்லையென்றால் ஓடும் கார்கள் வெறும் அலங்காரம் என்று எழுதிவிடுவதே நேர்மை.

இதையெல்லாம்விடப் பெரிய சேதம் செய்வது, காலத்துக்கு முந்திய மெருகு. பாதை எந்தப் பக்கம் போகும் என்றே முடிவாகாத நிலையில், பளபளக்கும் இருக்கைகளும் விளக்குக் கம்பங்களுமாகப் படம் வந்தால், பார்ப்பவர் என்ன நினைப்பார்? எல்லாம் முடிவாகிவிட்டது, கருத்துக் கேட்புக் கூட்டம் வெறும் சடங்கு என்றுதான். தொடக்கக் கட்டத்துக்கு நிறமற்ற வெள்ளை மாடலே சரி. அது பார்ப்பவரைப் பேசவைக்கும். இதிலேயே ஒரு தந்திரமும் உண்டு. மூன்று மாற்றுவழிகள் இருந்தால், அதிகாரிகளுக்குப் பிடித்ததற்கு மட்டும் நீல வானமும் பூச்செடியும், மற்ற இரண்டுக்கும் சாம்பல் நிறப் பெட்டிகள். ஒப்பிடச் சொல்லும் வழிகள் எல்லாமே ஒரே கோணத்திலும் ஒரே மெருகிலும் இருக்க வேண்டும், இன்றைய நிலையின் படமும் கூடவே இருக்க வேண்டும்.

கட்டுமானக் காலத்தை அநேகமாக யாரும் காட்டுவதில்லை. ஆனால் கூட்டத்தில் பாதிக் கேள்விகள் அதைப் பற்றித்தான் வரும்: தடுப்பு எங்கே போடுவார்கள், வீட்டு வாசலுக்கு வண்டி வருமா, மாற்றுப்பாதை எது. முடிந்த பாலத்தின் படம் இந்தக் கேள்விகள் எதற்கும் பதில் சொல்லாது. வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எளிய காட்சி போதும், அழகு தேவையில்லை.

தலையில் மாட்டிப் பார்க்கும் விலையுயர்ந்த மெய்நிகர் (VR) கண்ணாடியை மட்டும் நம்ப வேண்டாம். பலருக்குத் தலைசுற்றும், வரிசையும் நகராது. சாதாரணக் கைப்பேசியில் திறக்கும் படம்தான் அதிகம் பேரைச் சேரும். கூட்டத்தில் மாடலை அங்கேயே திருப்பிக் காட்டத் தெரிந்த ஒருவர் இருந்தால், "என் கடை வாசலிலிருந்து காட்டுங்க" என்பவருக்கு உடனே பதில் கிடைக்கும்.

வடிவமைப்பு மாறிய பிறகும் பழைய படம் பல மாதம் சுற்றிக்கொண்டே இருக்கும். தேதியையும் பதிப்பு எண்ணையும் படத்துக்குள்ளேயே பொறித்துவிடுங்கள். கீழே குறிப்பாகப் போட்டால், பகிர்கிறவர்கள் முதலில் வெட்டி எறிவது அதைத்தான்.