எம்.பி.பி.எஸ். இடம்: இங்கே வாய்ப்பு எவ்வளவு, வெளிநாட்டில் எவ்வளவு என்று நீங்களே கணக்கிடும் முறை

நீட் முடிவு வந்ததும் வீடுகளில் நடக்கும் பேச்சு ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: "இந்த மார்க்குக்கு இங்கே கிடைக்குமா, இல்லை வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாமா?" அதற்குப் பதிலைப் பக்கத்து வீட்டாரிடமும், விடாமல் அழைக்கும் முகவர்களிடமும் தேடுகிறோம். அதைவிட நல்ல பதில் அரசு வெளியிடும் பட்டியல்களிலும் விதிகளிலும் இருக்கிறது. ஒரு நோட்டும் பேனாவும் இணைய வசதியும் இருந்தால் பெற்றோரும் பிள்ளையும் உட்கார்ந்து ஒரு மாலைக்குள் போட்டுவிடக்கூடிய கணக்குத்தான். தமிழ்நாட்டு மாணவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கேள்வியைக் கொஞ்சம் திருத்திக்கொள்வோம். "இடம் கிடைக்குமா" என்பது பாதிக் கேள்விதான். "இந்த வழியில் போனால் இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற முடியுமா, எந்த வருடம், எவ்வளவு செலவில்?" என்பதே முழுக் கேள்வி. உள்நாட்டில் சேருவது கடினம், சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் முடித்துவிடுகிறார்கள். வெளிநாட்டில் சேருவது எளிது, கடினமெல்லாம் கடைசியில் காத்திருக்கிறது.

படி 1: மதிப்பெண்ணை ஓரமாக வைத்துவிட்டுத் தரவரிசையைப் பாருங்கள்

"போன வருடம் இத்தனை மார்க்குக்கு அரசுக் கல்லூரி கிடைத்ததே" என்ற ஒப்பீடு பலரைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது. நீட் 720 மதிப்பெண்ணுக்கு நடக்கிறது, ஆனால் வினாத்தாளின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2024இல் பலர் 720க்கு 720 வாங்கினார்கள். 2025இல் இயற்பியல் கடுமையாக இருந்தது. நாட்டிலேயே முதல் மதிப்பெண் 686தான். பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண்ணும் 162இலிருந்து 144க்கு இறங்கியது. ஆகவே 2024இன் கட்-ஆஃபை வைத்து 2025இல் கணக்குப் போட்டவர், கிடைக்கவேண்டிய இடத்தைக் கிடைக்காது என்று எண்ணிக் கலங்கியிருப்பார். தரவரிசை இப்படித் துள்ளுவதில்லை. நோட்டில் முதல் வரியாக அகில இந்தியத் தரவரிசையை எழுதுங்கள். மாநிலப் பட்டியல் வந்தபின் அதன் கீழே மாநிலத் தரவரிசையை எழுதுங்கள்.

"தகுதி பெற்றார்" என்ற சொல்லையும் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். 2025இல் தேர்வு எழுதிய 22 லட்சம் பேரில் 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1.2 லட்சம். தகுதி என்பது கலந்தாய்வுக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே.

படி 2: எந்தெந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று பிரித்து எழுதுங்கள்

ஒரே மாணவர் ஒரே நேரத்தில் பல வரிசைகளில் நிற்க முடியும். இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். வாய்ப்பு பெரும்பாலும் இங்கேதான் தவறவிடப்படுகிறது.

முதல் வரிசை மாநில ஒதுக்கீடு. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் 85 சதவீத இடங்களும், சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதில் வரும். 31 சதவீதம் பொதுப்போட்டி. மீதி 69 சதவீதத்தில் பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. பொதுப்போட்டி 31 சதவீதம் எல்லாச் சமூகத்தினருக்கும் உரியது. பி.சி. மாணவி ஒருவர் தன் தரவரிசையால் பொதுப்போட்டி இடத்தைப் பெற்றால், பி.சி. இடம் இன்னொருவருக்குப் போகும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவரா? அப்படியானால் 2020 முதல் நடைமுறையில் இருக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்கள் கணக்கையே மாற்றிவிடும். இதன் கட்-ஆஃப் மற்றப் பிரிவுகளைவிட நன்றாகக் கீழே இருக்கும், கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இந்த உரிமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வெளிநாட்டு விளம்பரத்தைப் பார்த்து நிலத்தை விற்கப் பேசுவதைக் கேட்கும்போது மனம் பதறுகிறது. தயவுசெய்து முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

இரண்டாவது வரிசை அகில இந்திய ஒதுக்கீடு: நாடு முழுவதும் மாநில அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள். எய்ம்ஸ், ஜிப்மர் இடங்களும் இதே மத்தியக் கலந்தாய்வில் வருகின்றன. இங்கே சமூகச் சான்றிதழ் விஷயத்தில் கவனம் தேவை. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் இங்கே செல்லாது; மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் உங்கள் சமூகம் இருக்க வேண்டும், கிரீமிலேயர் எனப்படும் வசதி படைத்தோர் பிரிவில் நீங்கள் வரக்கூடாது. ஓ.பி.சி. சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுயநிதிக் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீடு. நான்காவது, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள். நிகர்நிலையில் சமூக இட ஒதுக்கீடு கிடையாது. அகில இந்தியத் தரவரிசையும் பணமும்தான் பேசும்.

படி 3: கடந்த ஆண்டின் ஒதுக்கீட்டுப் பட்டியலைப் படியுங்கள்

மாநிலத் தேர்வுக்குழுவின் இணையதளத்தில் சுற்றுவாரியாக ஒதுக்கீட்டுப் பட்டியல்கள் பி.டி.எஃப். கோப்புகளாக இருக்கும். ஒவ்வொரு வரியிலும் மாணவரின் தரவரிசை, நீட் மதிப்பெண், சமூகம், கிடைத்த கல்லூரி, எந்தப் பிரிவின் இடம் என்பவை இருக்கும். கல்லூரியின் பெயரைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். நீங்கள் கடைசிப் பத்தியைப் பாருங்கள்: எந்தப் பிரிவின் இடம் என்ற பத்தி. உங்கள் பிரிவில் அரசுக் கல்லூரி இடம் பெற்ற கடைசி மாணவரின் தரவரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று தனித்தனியாக.

ஓர் உதாரணம் (எண்கள் கற்பனை, முறையைக் காட்டுவதற்காக மட்டும்): உங்கள் மகளின் பி.சி. தரவரிசை 2,700. கடந்த ஆண்டு பி.சி. பிரிவில் அரசுக் கல்லூரி முதல் சுற்றில் 2,450 வரையும், கடைசிச் சுற்றில் 2,800 வரையும் போயிருக்கிறது. முதல் பட்டியலை மட்டும் பார்த்தவர் "கிடைக்காது" என்று முடிவு கட்டியிருப்பார். கடைசிப் பட்டியல் "காத்திருக்கலாம்" என்கிறது. மத்திய ஒதுக்கீட்டிலோ வேறு இடத்திலோ சேர்ந்தவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் அடுத்தடுத்த சுற்றுகளில் திரும்பி வருவதால்தான் எல்லை இப்படிக் கீழே இறங்குகிறது.

ஒரே ஆண்டை நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுப் பட்டியலைப் பார்த்து, மூன்றிலும் எல்லைக்குள் வந்தால் "உறுதி", ஒன்றிலோ இரண்டிலோ வந்தால் "இழுபறி", ஒன்றிலும் வராவிட்டால் "இல்லை" என்று எழுதுங்கள். சுயநிதியின் அரசு ஒதுக்கீட்டுக்கும் இதே வேலையைச் செய்யுங்கள்.

படி 4: கட்டணத்தை ஐந்து ஆண்டுக்குப் பெருக்குங்கள்

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஆயிரங்களில்தான். சுயநிதியில் அரசு ஒதுக்கீடு ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல், நிர்வாக ஒதுக்கீடு 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலையில் 20 லட்சத்தைத் தாண்டும் கல்லூரிகள் பல. இவற்றுடன் விடுதி, உணவு, புத்தகம் தனி. ஐந்தாண்டு மொத்தத்தை எழுதிப் பாருங்கள். ஓராண்டுக் கட்டணத்தை வைத்து முடிவெடுத்து, மூன்றாம் ஆண்டில் வட்டிக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு.

படி 5: வெளிநாட்டுப் பக்கத்தைக் கடைசியிலிருந்து தொடங்கிக் கணக்கிடுங்கள்

ரஷ்யா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், கஜகஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று விளம்பரங்கள் சுற்றுகின்றன. நீட்டில் தகுதி பெற்றிருந்தால் சேர்ந்துவிடலாம். தகுதியே பெறாமல் போனால், படித்துவிட்டு வந்து இந்தியாவில் பதிவு பெற முடியாது. "நீட் தேவையில்லை" என்பவரிடம் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். "தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற கல்லூரி" என்ற வாசகமும் அப்படித்தான். ஆணையம் எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் ஒப்புதல் அளிப்பதில்லை. நிபந்தனைகளை மட்டும் விதித்திருக்கிறது, அவை பொருந்துகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

அந்த நிபந்தனைகள் 2021 நவம்பர் 18 அன்று வெளியான விதிகளில் இருக்கின்றன. படிப்பு குறைந்தது 54 மாதங்கள். அதன்பின் அதே வெளிநாட்டுக் கல்லூரியில் 12 மாதப் பயிற்சி. பயிற்று மொழி ஆங்கிலம். படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக் குடிமக்களுக்கு இணையாக மருத்துவம் பார்க்கும் உரிமம் பெறத் தகுதியான பட்டம். எல்லாம் பத்து ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும். இந்தியாவுக்குத் திரும்பித் தகுதித் தேர்வில் வென்று, இங்கே மேலும் 12 மாதம் பயிற்சி மருத்துவராக இருக்க வேண்டும்.

54 என்ற எண்ணை வைத்தே சில இடங்கள் கழிந்துவிடும். பிலிப்பைன்ஸின் எம்.டி. படிப்பு (அங்கே இதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) நான்கு ஆண்டு, அதாவது 48 மாதம். முன்னால் படிக்கும் பி.எஸ். பட்டத்தையும் சேர்த்து "ஆறு ஆண்டு" என்று சொல்லி அனுப்பினார்கள். இந்தக் கணக்கில்தான் பலர் மாட்டிக்கொண்டார்கள். பயிற்று மொழியிலும் கவனமாக இருங்கள். முதல் சில ஆண்டுகள் ஆங்கிலத்திலும் பிறகு உள்ளூர் மொழியிலும் பாடம் நடத்தும் கல்லூரிகள் இருக்கின்றன. பாடம் முழுக்க ஆங்கிலத்தில் நடந்தாலும் நோயாளி ரஷ்ய மொழியிலோ ஜார்ஜிய மொழியிலோதான் "வலிக்கிறது" என்பார். அந்த மொழியைக் கற்காத மாணவர் வார்டில் வெறுமனே நின்றுவிட்டுத் திரும்புவார்.

நடுவில் கல்லூரி மாறவும் இந்த விதிகள் இடம் தருவதில்லை. 2022 போரில் உக்ரைனிலிருந்து திரும்பிய மாணவர்களுக்காகத் தனிச் சலுகை அறிவிக்க வேண்டியிருந்தது. நாட்டைத் தேர்வு செய்யும்போது அதன் அரசியல் நிலவரத்தையும் கணக்கில் எடுங்கள்.

அடுத்து தகுதித் தேர்வு. எஃப்.எம்.ஜி.இ. எனப்படும் இது ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. 300 கேள்விகளில் 150 சரியாக இருந்தால் தேர்ச்சி, நெகட்டிவ் மார்க் கிடையாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் அண்மை ஆண்டுகளில் ஒவ்வொரு தேர்விலும் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரைதான் தேறியிருக்கிறார்கள். இந்த எண்ணைப் பார்த்து அப்படியே பயந்துவிடவும் வேண்டாம்: முன்பு தோற்றுத் திரும்ப எழுதுபவர்களும் இதில் அடக்கம், ஒருவர் பலமுறை எழுதலாம். உங்களுக்கு வேண்டியது, நீங்கள் சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தின் தேர்ச்சி விவரம். தேர்வை நடத்தும் வாரியம் கல்லூரிவாரியான விவரங்களை வெளியிட்டிருக்கிறது. எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற இரண்டையும் பாருங்கள். ஐந்து பேர் எழுதி நான்கு பேர் தேறிய கல்லூரிக்கு "80 சதவீதம்" என்று விளம்பரம் வரும்.

இங்கிலாந்து, அமெரிக்கா பற்றியும் கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் சேர யு.சி.ஏ.டி. நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு, வெளிநாட்டு மாணவர்களுக்கு இடங்கள் மிகக் குறைவு. அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம், பிறகு எம்கேட் நுழைவுத் தேர்வு. இரண்டும் பெரும் பணம் வேண்டிய வழிகள்.

படி 6: காலக்கோட்டை வரையுங்கள்

2026 செப்டம்பரில் இங்கே சேர்ந்தால் 54 மாதம், 12 மாதப் பயிற்சி என்று 2032 தொடக்கத்தில் பதிவு. அதே மாதம் வெளிநாட்டில் சேர்ந்தால், படிப்பும் பயிற்சியும் முடிய அதே 2032 ஆகும். அதன்பின் தகுதித் தேர்வு, இங்கே ஓராண்டுப் பயிற்சி. முதல் முயற்சியிலேயே தேறினாலும் 2033. ஒவ்வொரு தோல்விக்கும் ஆறு மாதம் கூட்டுங்கள்.

இப்போது நோட்டில் மூன்றாவதாக ஒரு வழியையும் சேருங்கள்: ஓராண்டு மீண்டும் நீட் எழுதுவது. இங்கே அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் அதுவும் 2033தான், செலவோ மிகக் குறைவு. என் கருத்து இது: படி 3இல் "இழுபறி" என்று வந்த பிள்ளை, உயிரியலில் நன்றாகவும் இயற்பியலில் மட்டும் குறைவாகவும் வாங்கியிருந்தால், மீண்டும் எழுதுவதுதான் நல்ல வழி. தகுதி மதிப்பெண்ணை ஒட்டி, இரண்டாம் முறையும் அதே இடத்தில் நிற்கும் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் முன் நிதானியுங்கள். நீட்டின் அடிப்படைப் பாடத்தில் திணறுபவருக்கு, அதைவிடப் பரந்த பாடத்திட்டம் கொண்ட எஃப்.எம்.ஜி.இ. எளிதாகிவிடாது. பி.டி.எஸ்., சித்தா, செவிலியர் படிப்பு பற்றிப் பிள்ளையிடம் மனம்விட்டுப் பேசவும் இதுவே நேரம்.

படி 7: நாட்காட்டி மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

வெளிநாட்டு வகுப்புகள் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் தொடங்கும். அதே நேரத்தில்தான் இங்கே பிந்திய சுற்றுகள் நடக்கும். "இன்றே முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும்" என்ற அவசரம் இதைப் பயன்படுத்தித்தான் உருவாக்கப்படுகிறது. "இழுபறி" வீட்டார் இரண்டாம் சுற்று முடிவு வரும்வரை பணம் கட்ட வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் விண்ணப்பித்து வைத்துக்கொள்ளலாம். கட்டியே ஆக வேண்டும் என்றால் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேரடியாகக் கட்டுங்கள். கட்டும் முன், படிப்பு எத்தனை மாதம், எந்த மொழியில், 12 மாதப் பயிற்சி அங்கேயே உண்டா, உரிமம் கிடைக்குமா என்ற நான்குக்கும் பல்கலைக்கழகத்தின் முத்திரையுடன் எழுத்துப் பதில் வாங்குங்கள்.

மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சமூகச் சான்றிதழ் ஆகியவற்றின் அசலை முகவர் அலுவலகத்தில் ஒப்படைக்காதீர்கள். கலந்தாய்வில் இடம் கிடைத்த பிறகு கல்லூரியில் சேர அசல் வேண்டும். அது வேறொருவர் பீரோவில் பூட்டிக்கிடந்தால், கையில் வந்த அரசு இடம் அந்தச் சுற்றிலேயே போய்விடும். நகல் கேட்டால் கொடுங்கள், அசலைக் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள்.