விடுபட்ட ரமளான் நோன்பைக் களாச் செய்வது எப்படி?

பயணம், நோய், மாதவிடாய் ஆகியவற்றால் விடுபட்ட நோன்புகளை வேறு நாட்களில் எண்ணிக்கை குறையாமல் நோற்க வேண்டும் (பயணம், நோய் பற்றிக் குர்ஆன் 2:184). இதுவே களா. மாதவிடாயில் விட்ட தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு. எத்தனை விடுபட்டன என்பதை அந்த மாதத்திலேயே குறித்து வையுங்கள், பிறகு நினைவிருக்காது.

பலர் தவறுவது நிய்யத்தில்தான், அதாவது நோன்பு நோற்பதாக எண்ணம் கொள்வதில். ரமளானின் நோன்புக்கு முற்பகல் வரை நிய்யத் வைக்க ஹனஃபி மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) இடமுண்டு. அதை நம்பிக் களாவுக்கும் காலையில் நிய்யத் வைத்தால் களா நிறைவேறாது. ஹனஃபி, ஷாஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலுமே களாவுக்கு ஃபஜ்ருக்கு (விடியலுக்கு) முன், இரவிலேயே நிய்யத் வேண்டும். மனதில் உறுதி கொண்டால் போதும். ஸஹர் உணவுக்கு (விடியலுக்கு முந்தைய உணவுக்கு) எழ முடியாதோ என்ற ஐயமிருந்தால் இஷா எனும் இரவுத் தொழுகைக்குப் பின்பே வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

தொடர்ச்சியாக நோற்பது கட்டாயமில்லை. இரு பெருநாட்களிலும், துல்ஹஜ் 11, 12, 13 ஆகிய நாட்களிலும் நோற்கக் கூடாது.

மறந்து சாப்பிட்டால் நோன்பு முறியாது. நினைவு வந்ததும் வாயிலிருப்பதைத் துப்பிவிட்டுத் தொடருங்கள். விடியவில்லை என்றெண்ணி ஃபஜ்ருக்குப் பின் சாப்பிட்டது தெரிந்தால் அந்த நோன்பு கணக்கில் சேராது.

காரணமின்றி அடுத்த ரமளான் வரை தள்ளினால், ஷாஃபி மத்ஹபில் களாவோடு நாளொன்றுக்கு ஒரு ‘முத்து’ (முத் எனும் அளவை) அரிசி ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ஹனஃபியில் களா மட்டுமே. குணமாகும் வாய்ப்பே இல்லாத நோயாளிக்குக் களா இல்லை, ஃபித்யா (நோன்புக்கு ஈடாக ஏழைக்கு உணவளித்தல்) மட்டும்.