சிக்கிள் செல் இருக்கா, ரத்தம் உடையறத லேசா விட்டுடாதீங்க

கே.எல்.லயும் பினாங்லயும் தலசீமியானா நம்மாளுங்களுக்குத் தெரியும், சிக்கிள் செல், அதாவது சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சிடற பரம்பரை ரத்த நோய், இங்க அபூர்வம்ங்கறதால யாரும் அவ்வளவா பேசறதில்ல. ஆனா அது இருக்கற வீட்டுல முதல்ல நடக்கற தப்பு, கண்ணு மஞ்சளானதும் கல்லீரல்தான்னு முடிவு பண்ணி கீழாநெல்லி அரைச்சுக் குடுக்கறது. பெரும்பாலும் அந்த மஞ்சள் சிவப்பணு உடையறதால வர்றது. நல்ல அணு 120 நாள் கிட்ட இருக்கும், அரிவாளா வளைஞ்சது 10-20 நாள்லயே உடைஞ்சிடும், உள்ள இருந்த ஹீமோகுளோபின் பிலிருபினா மாறி கண்ணுல தெரியுது, அதே பிலிருபின் பித்தப்பையில கல்லாவும் சேரும். சாப்பிட்டதும் வலது பக்கம் மேல் வயிறு வலிச்சா காஸ்ட்ரிக்னு விட்டுடாம ஸ்கேன் கேளுங்க.

எனக்கு ரொம்ப கவலையா இருக்கறது வேற தப்பு, இந்த நோய்ல வந்து வந்து போற வலி இல்லைனா நோய் அடங்கிடுச்சுனு நினைக்கறது. அணு ரத்தக்குழாய்க்குள்ள உடையறப்ப கொட்டற ஹீமோகுளோபின் அங்க இருக்கற நைட்ரிக் ஆக்சைட அழிச்சிடுது, குழாயத் தளர்வா வெச்சிருக்கறதே அந்த வாயுதான், அது குறைஞ்சா குழாய் சுருங்கி, வருஷக்கணக்குல சத்தமே இல்லாம நுரையீரல்ல பிரஷர் ஏறும், கணுக்கால்ல ஆறாத புண்ணு வரும், கிட்னியும் கெடும். இதுக்கெல்லாம் முன்னாடி வலி வந்துதான் ஆகணும்னு இல்ல. படி ஏறினா மூச்சு வாங்குதுனா எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கணுமானு டாக்டர்கிட்ட கேளுங்க. வலி போச்சுனு, இந்த நோய்க்கு டாக்டர் குடுக்கற ஹைட்ராக்சியூரியா மருந்த நீங்களா நிறுத்தாதீங்க, தயவுசெஞ்சு, அது வலிய மட்டும் இல்ல, உடையறதையும் குறைக்குது.

ரத்தம் கம்மினு பார்மசில இரும்பு மாத்திரை வாங்கிப் போடறதும் வேணாம், உடைஞ்ச அணுவோட இரும்பு பெரும்பாலும் உடம்புலயே தங்கிடும், அடிக்கடி ரத்தம் ஏத்தறவங்களுக்கு ஏற்கனவே கூடுதல், ஃபெரிட்டின் (உடம்புல சேர்ந்திருக்கற இரும்பக் காட்டற ரத்த டெஸ்ட்) பாத்துட்டுதான் எதுவும். டாக்டர் குடுக்கற ஃபோலிக் ஆசிட் வேற, புது அணு உருவாக அது வேணும்.

இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கறவங்க எச்பிஏ1சி (சிவப்பணுவுல ஒட்டின சர்க்கரைய அளக்கற டெஸ்ட்) நம்பர நம்பி இருந்துடாதீங்க, அணு சீக்கிரம் செத்துடறதால சர்க்கரை ஒட்டவே நேரம் இல்லாம கம்மியா காட்டும். கிளினிக்ல சிக்கிள் செல்னு முதல்லயே சொல்லி சிவப்பணுவ நம்பாத ஃப்ருக்டோசமின் டெஸ்ட் பாக்கலாமானு கேளுங்க.

யூரின் தே-ஓ (பால் இல்லாத டீ) கலர்ல போனாலோ, காய்ச்சல் 38.5 தொட்டாலோ, பிள்ளை திடீர்னு வெளிறி சோர்ந்தாலோ காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. பார்வோ வைரஸ் வந்தா எலும்பு மஜ்ஜை ஒரு வாரம் போல புது அணு பண்றதையே நிறுத்திடும், நல்ல ரத்தம் உள்ளவங்க அதத் தாங்கிடுவாங்க, 10-20 நாள் ஆயுசு உள்ள அணுவுக்கு முடியாது, அதனால ராத்திரி எத்தனை மணியானாலும் எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.