நோயாளியைப் பார்க்கப் போனால் வாயை எங்கே கட்ட வேண்டும்?

சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஒரு கதையையும் தூக்கிக்கொண்டு போகிறோம். "எங்க சின்ன மாமனாருக்கும் இதே பைபாஸ்தான். நல்லாத்தான் வீட்டுக்கு வந்தாரு. பத்தாம் நாள் காலையில பாத்ரூமுக்குப் போனவரு..." யாராவது கண்ணைக் காட்டி அடக்குவதற்குள் விஷயம் இறங்கிவிடும். அன்று ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது படுத்திருப்பவருக்கு அந்த மாமனார்தான் நினைவுக்கு வருவார். பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

இது மனசு சம்பந்தப்பட்டது மட்டும் இல்லை. 2010-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். சிலரிடம், "பெரிய தேனீ கொட்டுற மாதிரி இருக்கும், இதுதான் ரொம்பக் கஷ்டமான கட்டம்" என்றார்கள். மற்றவர்களிடம், "அந்த இடம் மரத்துப்போயிடும், உங்களுக்குச் சௌகரியமா இருக்கும்" என்றார்கள். மருந்தும் ஊசியும் ஒன்றேதான். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டபோது, தேனீயைக் கேட்டவர்கள் பக்கம் நடு மதிப்பாக 5 வந்தது, மற்றவர்கள் பக்கம் 3. வலிக்கும் என்று எதிர்பார்ப்பதாலேயே வலி கூடுவதற்கு மருத்துவத்தில் நோசிபோ என்று பெயர்.

அடுத்தது எண்ணிக்கை சொல்லிப் பயமுறுத்துவது. "நூத்துல பத்துப் பேர் போயிடறாங்களாம்" என்பார்கள். தொண்ணூறு பேர் பிழைக்கிறார்கள் என்பதும் அதே கணக்குதான், ஆனால் காதில் வேறு மாதிரி விழும். டாக்டர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். 1982-இல் வெளியான ஓர் ஆய்வில் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆபரேஷனா, கதிர்வீச்சா என்று டாக்டர்களிடம் கேட்டார்கள். ஆபரேஷனில் 90% பேர் பிழைக்கிறார்கள் என்று சொன்னபோது 84% பேர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தார்கள். 10% பேர் இறக்கிறார்கள் என்று சொன்னபோது அது 50% ஆனது.

பயமுறுத்தக் கூடாது என்பதற்காக, "உனக்கு ஒண்ணும் இல்ல, தைரியமா இரு" என்று அடித்துச் சொல்வதும் தப்புதான், கொஞ்சம் நாசூக்கான தப்பு. வயிற்றில் குழாயோடு படுத்திருப்பவருக்குத் தனக்கு ஒன்றும் இல்லாமல் இல்லை என்று தெரியும். "பயமா இருக்குடா" என்று சொல்ல வாயெடுத்தவர் அதற்கு மேல் சொல்ல மாட்டார். "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்தாலே போதும், அவரே பேசுவார்.

"சிகரெட்டை விடுன்னு அப்பவே சொன்னேனே", "போயும் போயும் இந்த ஆஸ்பத்திரியிலயா சேர்த்தீங்க" வகையறாவுக்கு விளக்கமே தேவையில்லை. மயக்கத்தில் இருப்பவர் தலைமாட்டில் சொத்துப் பேச்சு எடுப்பவர்களை என்ன சொல்ல? அவருக்குக் காது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

கூட இருந்து கவனிப்பவரிடம், "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். "அத்தை, இன்னைக்கு ராத்திரி நான் இருக்கேன், நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டுக் காலையில வாங்க" என்று சொல்லுங்கள். சொன்னால், மாற்றுத்துணியோடு எட்டு மணிக்குள் போய்விடுங்கள்.