புது பேனலுக்கு முதல் மின்சாரம்: மில்களில் நடக்கும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் ஒரு ரைஸ் மில்லிலோ எண்ணெய் மில்லிலோ புது பேனல் (மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்துக் கட்டுப்படுத்தும் பெட்டி) வந்து இறங்கினால் முதலில் குறிப்பது நாளும் நேரமும்தான். நல்ல நேரம் 9 மணி என்றால் 9 மணிக்கு ஸ்விட்ச் போட்டாக வேண்டும். அதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் பேனலுக்குள் முதன்முதலாக மின்சாரம் போவதும் அதே 9 மணிக்குத்தான் என்று வைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள், நான் பார்த்த பாதித் தவறுகள் அங்கேதான் தொடங்கின. முந்தின நாள் ராத்திரி வரை கேபிள் இழுத்துவிட்டு, விடிந்ததும் மாலை போட்டுவிட்டால், நடுவில் பேனலைத் திறந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

முதல் நாளே மின்சாரம் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்பேன். தேவகோட்டை பக்கத்து மில் ஒன்றை நடத்தும் ஆச்சி என்னிடம் நேராகவே கேட்டார்கள். "ஏம்ப்பா, இன்னைக்கே கரண்டு குடுத்துட்டா நாளைக்கு நல்ல நேரம் எதுக்கு?"

"நாளைக்கு ஸ்டார்ட் பட்டனை நீங்கதான் அழுத்தப்போறீங்க ஆச்சி. அது நல்லபடியா ஓடணும்னா இன்னைக்குப் பகல் முழுக்க இந்தப் பேனல் என் கையில இருக்கணும்."

ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்குக் கதவைத் திறந்து டார்ச் அடித்தபோது, டிரைவின் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் சாதனம்) மேல் தட்டில் சின்னச் சின்னதாக ஏதோ மின்னியது. இரும்புச் சுருள். கேபிள் நுழையும் தகடான கிளாண்டு பிளேட்டைப் பேனலிலேயே வைத்து டிரில் போட்டிருக்கிறார்கள், துருவல் அத்தனையும் உள்ளே கொட்டியிருக்கிறது. டிரைவின் காற்றுத் துளை வழியாக அதில் ஒரு சுருள் உள்ளே விழுந்து கார்டு மேல் உட்கார்ந்தால், மின்சாரம் கொடுத்த நொடியே ஷார்ட் ஆகிவிடும். கூட வந்த பையன் புளோயரை எடுத்துவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். ஊதினால் துருவல் வெளியே வராது, இன்னும் ஆழமான இடத்துக்குத்தான் போகும். வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி, மிச்சத்தை பிரஷ்ஷால் எடுத்தோம். கிளாண்டு பிளேட்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் துளை போட வேண்டும். பத்து நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

"கம்பெனியில டெஸ்ட் பண்ணித்தானே அனுப்பியிருக்காங்க" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. உண்மைதான், ஆனால் டெஸ்ட் ஆனது லாரியில் ஏற்றுவதற்கு முன்னால். வழி நெடுக ஆடிக் குலுங்கி வந்த பேனலில் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். அதே ஆச்சி மில்லில், பஸ்பாரில் (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) போட்ட ஒரு லக்கை (கேபிள் நுனியில் மாட்டும் உலோகக் காது) இரண்டு விரலால் திருப்பினேன், திரும்பியது. அந்த இடத்தில் லோடு ஏறினால் சூடாகும், கருகும், கடைசியில் தீ. ஒவ்வொரு டெர்மினலையும் டார்க் ஸ்க்ரூடிரைவரால் அதற்குச் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். பலம் இருக்கிற மட்டும் முறுக்குவதும் தவறு, மரை கழன்றுவிடும். அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரோடு சேர்க்கிற இடத்தில் இரண்டு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக் போட வேண்டும்.

பேனலுக்குள் கை வைக்கும் முன் மெயினை ஆஃப் செய்தால் மட்டும் போதாது. ஜெனரேட்டர் மின்சாரம் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் வழியாக வரலாம், பக்கத்துப் பேனலிலிருந்து வரும் கன்ட்ரோல் லைன் உயிரோடு இருக்கலாம். மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசோலேட்டரில் உங்கள் பூட்டைப் போடுங்கள், சாவி உங்கள் பையில் இருக்கட்டும். மீட்டரை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள், பிறகு பேனலில், பிறகு திரும்பவும் மின்சாரம் உள்ள இடத்தில். நியான் டெஸ்டரை மட்டும் நம்பி யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இன்சுலேஷனை அளக்கும் மெகர் மீட்டர் விஷயத்தை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எண்ணெய் மில்லில் 500 வோல்ட் மெகரை மோட்டார் கேபிளில் வைத்துச் சுற்றினேன். "அண்ணே, முள்ளு ஏறவே மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு தடவை சுற்றினேன். கேபிளின் மறுமுனை டிரைவிலேயே இருந்தது. டிரைவ் போய்விட்டது. 415 வோல்ட் பேனலுக்கு 500 வோல்ட் மெகர் சரியானதுதான், ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மின்சாரம் கொடுக்கவே கூடாது. ஆனால் டிரைவ், டைமர், பிஎல்சி (மெஷினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) என எலக்ட்ரானிக் சாமான் எதுவும் அந்தச் சுற்றில் இருக்கக் கூடாது, கழற்றிவிட்டுத்தான் மெகர். ஐப்பசி கார்த்திகை மழையில் தார்ப்பாய்க்குள் கிடந்த பேனலில் ரீடிங் குறைவாகத்தான் வரும். உள்ளே ஒரு குண்டு பல்பைத் தனி வயரில் எரியவிட்டு, ராத்திரி முழுக்கக் காயவைத்து, மறுநாள் திரும்பப் பாருங்கள்.

டிரைவ் பற்றி இன்னும் இரண்டு. ஆஃப் செய்த பிறகும் அதன் கெப்பாசிட்டரில் 580 வோல்ட்டுக்கு அருகில் நிற்கும், வடிவதற்கு எத்தனை நிமிஷம் என்று மூடியிலேயே எழுதியிருக்கும். அப்புறம், மில் கட்டி முடிய வருஷக்கணக்கில் இழுத்து, டிரைவ் அட்டைப்பெட்டியிலேயே கிடந்திருந்தால் நேரடியாக முழு வோல்டேஜ் கொடுக்காதீர்கள். அந்தக் கெப்பாசிட்டருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வோல்டேஜ் ஏற்றித்தான் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், முறை அதன் மேனுவலில் இருக்கும்.

இனி, மோட்டாரைச் சத்தமில்லாமல் கொல்லும் தவறு. 20 எச்பி மோட்டார், பெயர்த்தட்டில் 27 ஆம்பியர். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் (மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் ஸ்டார்ட்டர்), மோட்டார் அளவுக்கு மேல் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை யாரோ 27-இல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ரிலே உள்வரும் லைனில் இருந்தால் அது சரி. ஆனால் பெரும்பாலான ஸ்டார்ட்டரில் ரிலே மெயின் கான்டாக்டருக்கு (மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்க்கும் காந்த ஸ்விட்ச்) கீழே, வைண்டிங்கோடு சேர்ந்து இருக்கும். அங்கே ஓடுவது லைன் கரண்டில் 0.58 பங்குதான், அதாவது சுமார் 16 ஆம்பியர். 27-இல் வைத்தால் மோட்டார் 1.7 மடங்கு இழுக்கும்வரை ரிலே வாயைத் திறக்காது. அதற்குள் வைண்டிங் வெந்துவிடும். ரிலே எங்கே இருக்கிறது என்று டிராயிங்கைப் பார்த்து உறுதி செய்த பிறகுதான் டயலைத் தொடுங்கள். டிராயிங் வராத பேனலை வாங்கிக்கொள்ளாதீர்கள் என்பதே என் கருத்து.

கான்டாக்டர் காயிலின் வோல்டேஜையும் ஒரு தடவை படித்துவிடுங்கள். 110, 230, 415 எல்லாமே பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். 230 காயிலுக்கு 415 போனால் புகைதான்.

எர்த் நம் ஊருக்கே உரிய சிக்கல். செம்புராங்கல் பூமி, மழை பெய்தால் ஊருணியில் நிற்கும், கோடையில் தரை பாளமாகிவிடும். கார்த்திகையில் அளந்தால் எர்த் அருமையாகக் காட்டும், அதே குழியைச் சித்திரையில் அளந்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறியிருக்கும். ஈரமில்லாத மண் மின்சாரத்தை வாங்காது. அதனால் நல்ல வறட்சியில் ஒரு தடவை அளந்து, அந்த எண்ணை வைத்து முடிவெடுங்கள், குழிக்குத் தண்ணீர் விடுவதை ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மோட்டார் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தனித்தனி எர்த் வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கும்.

எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் விளக்கு அணைகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், கான்டாக்டர் விழுகிறதா (தொடர்பை விடுகிறதா) என்று காதால் கேட்டு, மீட்டரால் பாருங்கள். அந்தப் பட்டனின் ஒரு வயரைக் கழற்றிவிட்டாலும் மெஷின் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் வயரிங் தவறு. மோட்டார் சுற்றும் திசையை பெல்ட் மாட்டுவதற்கு முன் பாருங்கள். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் தலைகீழாக ஓடினால் பக்கெட்டோடு பெல்ட்டும் போகும்.

பூஜை அன்று பொட்டு, மாலை எல்லாம் பேனல் கதவின் நடுவில் வையுங்கள். காற்றுத் துளை மேல் சந்தனம் அப்ப வேண்டாம், கைப்பிடியில் மாலை வேண்டாம், தீர்த்தம் தெளிக்கும்போது கதவு மூடியிருக்கட்டும். உபயோகமில்லாத கேபிள் துளை எல்லாவற்றையும் அன்றே அடைத்துவிடுங்கள். தவிட்டுத் தூசியும் பல்லியும் அந்த வழியாகத்தான் வரும். இரண்டு பஸ்பாருக்கு நடுவே ஒரு பல்லி விழுந்து முழு மில்லும் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பின்னாளில் கான்டாக்டர் பாயின்ட் கறுத்திருந்தால் எமரி பேப்பரால் தேய்க்காதீர்கள். வெள்ளிக் கலவை கறுத்தாலும் மின்சாரத்தைக் கடத்தும், தேய்த்தால் வெள்ளிதான் போகும்.

ஆச்சி பட்டனை அழுத்தி மில் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொரு மோட்டாருக்கும் மூன்று ஃபேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்து, லோடு இல்லாமலும் லோடிலும் எத்தனை ஆம்பியர் என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கதவின் உள்பக்கம் ஒட்டினேன். ஒரு மாதம் கழித்து மெயினைப் பூட்டிவிட்டு டெர்மினல்களை மறுபடி முடுக்கப் போனபோது தாள் அங்கேயே இருந்தது. கீழே அந்த மாத ரீடிங்கை மில் ஆபரேட்டரே தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்.