பகோடா பாறைகளுக்குள் திரும்பும் வழி

தடமில்லாத பாறைக்காட்டில் நடக்கும்போது, ஒரு பிளவில் ஏறியதும் அல்லது இறங்கியதும் அங்கேயே நின்று திரும்பிப் பாருங்கள். வந்த வழியைப் போனில் ஒரு படம் எடுத்து, அந்த இடத்தை ஆஃப்லைன் மேப்பிலும் குறித்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் லித்கோ ஊருக்கு அருகே உள்ள கார்டன்ஸ் ஆஃப் ஸ்டோன் பகுதிக்கு இது மிகவும் உதவும். அங்குள்ள மணற்கல் 'பகோடா'க்களில் பல அடுக்கடுக்கான கூம்புகள். போகும்போது பார்த்த பாறை, திரும்பும்போது வேறு பாறையாகத் தெரியும். வரைபடத்தை மட்டும் நம்ப முடியாது. உயரக்கோடுகளின் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உயர இடைவெளி 10 மீட்டர் என்றால், 6 மீட்டர் செங்குத்துப் பாறை அதில் தெரியாமலே போகலாம். இறங்க முடிகிற பிளவு ஒன்றே ஒன்றுதான் என்றால், அதைத் தவறவிட்டுத் தேடுவதிலேயே பொழுது சாய்ந்துவிடும்.

அடையாளத்துக்காகக் கல் அடுக்கவோ, துருத்தி நிற்கும் இரும்புக்கல் தகடுகளில் கால் வைக்கவோ வேண்டாம். அவை எளிதில் உடையும், மறுபடி வளராது.

வேறு வழியாகத் திரும்புகிறவர்களுக்கு இந்தப் படங்கள் அவ்வளவாக உதவாது. மூடுபனியிலும் அப்படித்தான். குறுகிய பள்ளங்களில் ஜிபிஎஸ் தடுமாறும், அங்கே காகித வரைபடமும் திசைகாட்டியும் கட்டாயம் வேண்டும்.