விற்றுப்போன வீட்டை மாக்கோலத்தில் வரைய

ஒரு கைப்பிடி பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். அரிசி ஊறும் நேரத்தில் கெட்டி அட்டையில் காவி பூசிக் காயவிடலாம். காவிக்கட்டி நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பொடித்து, தண்ணீரும் கொஞ்சம் ஃபெவிக்காலும் கலந்து பூசினால் உதிராது. மாவிலும் ஒரு ஸ்பூன் ஃபெவிக்கால் விடுங்கள். வாசல் கோலம் எறும்புக்கு. இது பேரப்பிள்ளைகளுக்கு, நிற்க வேண்டும்.

இனி பாட்டியை உட்காரவையுங்கள். எங்கள் வீட்டில் என் அம்மா. கும்பகோணம் பக்கம் அவர் பிறந்து வளர்ந்த வீடு இப்போது வேறொருவருடையது. "வீடு எப்படி இருக்கும்?" என்று கேட்டால் "பெரிய வீடு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எங்கேம்மா போடுவே?" என்று கேளுங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை, கிணற்றடி என்று நினைப்பு தானாக நடக்கும். நெல்குதிர் எந்த மூலை? மழை வந்தால் முற்றத்தில் அண்டா எங்கே வைப்பார்கள்? ராத்திரி யார் எங்கே படுப்பார்கள்?

சொல்லச் சொல்ல வரையுங்கள். பழைய வேட்டித் துணியை மாவில் நனைத்து, கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் நடுவே பிடித்து லேசாக அழுத்தினால், மாவு மோதிர விரல் வழியே இறங்கிக் கோடாகும். ஈரத்தில் கோடு மங்கலாகத்தான் இருக்கும். பிள்ளைகள் அவசரப்பட்டு மேலேயே இன்னொரு கோடு இழுப்பார்கள், விடாதீர்கள். காயக் காய அது பளிச்சென்று வெளுத்து வருவதை அவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும். சுவரும் தூணும் பாட்டி போடட்டும். ஊஞ்சல், அம்மி, பசுமாடு எல்லாம் பிள்ளைகளுக்கு.

அளவை மட்டும் திருத்த வேண்டாம். அம்மா கிணற்றைக் கூடத்தைவிடப் பெரிதாகப் போட்டார். என் மகன் ஸ்கேலோடு வந்தான். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். பாவாடை கட்டிய வயதில் தினமும் தண்ணீர் சேந்தியவருக்கு அந்தக் கிணறு அவ்வளவு பெரிதுதான். அது அப்படியே இருக்க வேண்டும்.

அட்டையின் பின்பக்கம் ஊர், தெரு, வரைந்தவர்கள் பெயர், தேதி எழுதுங்கள். முன்பக்கம் ஒரு ஓரத்தைக் காலியாக விட்டுவையுங்கள். போட்டோ எடுத்து மாமாக்களுக்கு அனுப்பியதும், "மாட்டுக்கொட்டகை எங்கே?" என்று போன் வரும்.